உங்களுக்குத் தெரியுமா? விமானி வேலைக்கு விண்ணப்பம்

விமானி வேலைக்கு வரும் பயோடேட்டாவை யாரும் ரசித்துப் படிப்பதில்லை, சரிபார்க்கிறார்கள். அதிலுள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் தேதிக்கும் பின்னால் ஒரு லாக்புக்கோ, லைசென்ஸோ, அரசுப் பதிவோ இருந்தாக வேண்டும். அந்த உலகத்திலிருந்து சில துணுக்குகள்.

படிப்பு பிறகு, மணிக்கணக்கு முதலில்

பல வேலைகளுக்கான பயோடேட்டாவில் பட்டப்படிப்புக்குத்தான் முதல் மரியாதை. விமானியின் பயோடேட்டாவில் அது கீழே போய்விடும். பெயர், தொலைபேசி எண்ணுக்கு அடுத்து வர வேண்டியவை நான்கு: லைசென்ஸ், ரேட்டிங் எனும் கூடுதல் தகுதி, மெடிக்கல் செல்லுபடியாகும் தேதி, பறந்த மணிக்கணக்கு. விண்ணப்பதாரர் தகுதிக்கோட்டைத் தாண்டுகிறாரா என்பதை ஆட்சேர்ப்பு அலுவலர் இந்த நான்கையும் பார்த்தே முடிவு செய்துவிடுவார். ‘சவாலான சூழலில் என் திறமையை வெளிப்படுத்த விரும்புகிறேன்’ என்கிற நோக்க வாக்கியத்தால் இடம்தான் வீண். புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்கு ஒரு பக்கம் போதும்.

200-ஐப் பிரித்துக் காட்டுங்கள்

இந்தியாவில் சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தபட்சம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்றுப் பறந்திருக்க வேண்டும். 50 மணி நேரம் ஊர்விட்டு ஊர் போகும் கிராஸ் கன்ட்ரி பறத்தல். 10 மணி நேரம் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்தது. 5 மணி நேரம் இரவுப் பறத்தல். பயோடேட்டாவில் ‘மொத்தம் 200 மணி’ என்று மொட்டையாக எழுதினால், படிப்பவர் இதையெல்லாம் தேடி லாக்புக்கைப் புரட்ட வேண்டியிருக்கும். சின்ன அட்டவணையாகப் பிரித்துப் போடுவதே வழக்கம். இரட்டை எஞ்சின் மணிக்குத் தனி வரி உண்டு. கடைசி 12 மாதங்களில் பறந்ததற்கும் தனி வரி.

நம்பர் 1 யாருடையது?

லைசென்ஸ் என்று எழுதும்போது எண், வழங்கிய நாடு, செல்லுபடியாகும் தேதி மூன்றும் வேண்டும். இந்தியாவில் வழங்கப்பட்ட விமானி உரிமங்களில் நம்பர் 1 என்ற எண்ணைப் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாடா. நாள் 1929 பிப்ரவரி 10. 1932-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு முதல் தபால் விமானத்தை அவரே ஓட்டி வந்தார். அதைப் பம்பாயிலிருந்து சென்னைவரை கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். இன்று அமெரிக்காவிலோ தென்னாப்பிரிக்காவிலோ பயிற்சி முடித்து வருபவர், அந்நாட்டு லைசென்ஸை இந்திய லைசென்ஸாக மாற்றிக்கொண்ட பிறகுதான் இங்கே வேலைக்குப் போக முடியும். மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது என்றால் அதையும் அப்படியே எழுதிவிடுவது நல்லது.

இனிஷியல் தலைவலி

நம் ஊர் விண்ணப்பதாரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’ என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து ‘கார்த்திக் சுப்பிரமணியன்’ ஆகிவிடும். வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளி கொடுத்த சான்றிதழில் அதுவே தலைகீழாக மாறியிருக்கும். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ, தேர்வு எழுதுவதற்கான கம்ப்யூட்டர் நம்பரை வழங்கும்போதே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரைத்தான் கேட்கிறது. ஆகவே பயோடேட்டாவிலும் லைசென்ஸில் உள்ள பெயரையே ஓர் எழுத்து மாறாமல் போடுங்கள். ஆவணங்களில் பெயர் வேறுபட்டால், வேலை கிடைத்த பிறகு விமான நிலைய நுழைவு அனுமதிக்கான சரிபார்ப்பில் அது இழுத்துக்கொண்டே போகும்.

கேப்டன் யார்?

சிபிஎல் கைக்கு வந்த மறுநாளே பெயருக்கு முன்னால் ‘கேப்டன்’ என்று போட்டுக்கொள்ளும் பழக்கம் இந்தியாவில் பரவலாக உண்டு. கல்யாணப் பத்திரிகையில் யாரும் கேட்க மாட்டார்கள். பயோடேட்டாவில் அது உறுத்தும். விமான நிறுவனத்தில் கேப்டன் என்றால் இடது இருக்கையில் அமரும் கமாண்டர், சட்டையில் நான்கு பட்டைகள் அணிபவர். இந்தப் பட்டைகள் 1930-களில் பான் ஆம் நிறுவனம் தன் கடல் விமானங்களின் விமானிகளுக்குக் கடற்படை பாணியில் உடை கொடுத்ததிலிருந்து வந்த வழக்கம். 200 மணி பறந்தவர் விண்ணப்பிப்பது ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது கோ-பைலட் பதவிக்கு. வெறும் பெயரே அவருக்குப் போதும்.

ஒன்றரை மணி என்றால் 1.30 இல்லை

லாக்புக்குகள் இரண்டு விதம். சில நாடுகளில் மணியும் நிமிடமுமாக எழுதுவார்கள். அமெரிக்காவில் தசம முறை. ஒன்றரை மணி நேரப் பறத்தல் முதல் முறையில் 1:30, இரண்டாவது முறையில் 1.5. அங்கே பயிற்சி முடித்து இங்கே வந்தவர் இரண்டையும் கலந்து கூட்டினால் மொத்தக் கணக்கே தடம்புரளும். 1:45-ஐ 1.45 என்று எழுதியவருக்கு ஒவ்வொரு முறையும் 18 நிமிடம் நஷ்டம். 1.8-ஐ 1:80 என்று புரிந்துகொண்டவருக்கு அதே அளவுக்கு மேல் லாபம், கூடவே சந்தேகப் பார்வையும். ஏதாவது ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

பறந்த நேரம் என்பது வானில் இருந்த நேரம் மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சர்வதேச விதிப்படி, மேலெழும்புவதற்காக விமானம் முதன்முதலில் நகர்ந்த நொடியிலிருந்து, பயணம் முடிந்து கடைசியாக நிற்கும்வரை எல்லாமே கணக்கு. ஓடுபாதைக்கு வெளியே வரிசையில் காத்திருந்த நேரமும் சேரும். அமெரிக்க ராணுவ விமானிகளோ தரையை விட்டு எழுந்ததிலிருந்து இறங்கும்வரை மட்டுமே எழுதுவார்கள். அதனால் அவர்கள் பயணிகள் விமான வேலைக்கு வரும்போது, ஒவ்வொரு பறத்தலுக்கும் 0.2 அல்லது 0.3 மணி கூட்டிக்கொள்ள சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. அப்படிக் கூட்டினால் கூட்டியிருப்பதாகப் பயோடேட்டாவிலேயே குறிப்பிட வேண்டும்.

யார் பொறுப்பில் பறந்தது?

மொத்த மணியை விடக் கூர்ந்து பார்க்கப்படுவது, பொறுப்பேற்றுப் பறந்த மணி. இங்கேயும் நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்காவில் விமானத்தின் கட்டுப்பாட்டைத் தன் கையில் வைத்திருந்த நேரத்தைச் சில நிபந்தனைகளோடு பைலட் இன் கமாண்ட் மணியாக எழுதிக்கொள்ள முடியும். ஆனால் பெரிய விமான நிறுவனங்கள் பலவும், விமானத்துக்குக் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டவர் யாரோ அவருடைய மணியை மட்டுமே அப்படிக் கணக்கில் எடுக்கின்றன. கமாண்டரின் மேற்பார்வையில் கோ-பைலட் கமாண்டராகச் செயல்பட்ட நேரத்துக்குத் தனிக் கட்டம் உண்டு. விளம்பரத்தில் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்துவிட்டுத்தான் எண்ணை நிரப்ப வேண்டும்.

சிமுலேட்டர் தனி வரி

இன்றைய முழு அசைவு சிமுலேட்டர்கள் எவ்வளவு தத்ரூபமானவை என்றால், மிக உயர்ந்த ‘லெவல் டி’ வகையில் பயிற்சி எடுத்த அனுபவசாலி விமானி, முதல்முறை நிஜ விமானத்தைத் தொடும்போதே பயணிகளோடு பறக்க விதியில் இடமுண்டு. பக்கத்தில் பயிற்சியாளர் இருப்பார், அவ்வளவுதான். இருந்தும் சிமுலேட்டர் மணியை மொத்தப் பறத்தல் மணியோடு சேர்க்கக் கூடாது. அதைத் தனி வரியில், எந்த வகைக் கருவி என்ற விவரத்தோடு எழுதுவார்கள். 215 மணி என்று எழுதிவிட்டு அதில் 20 மணி சிமுலேட்டர் என்று நேர்முகத்தில் சொன்னால், மீதி எண்களையும் நம்ப ஆளிருக்காது.

பார்க்கர் பேனாவில் பறந்தவர்கள்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரண்டு பொருள்கள் புகழ்பெற்றன. ஒன்று பி-51 மஸ்டாங் போர் விமானம், மற்றொன்று பார்க்கர் 51 பேனா. பறக்காமலேயே லாக்புக்கில் எழுதிச் சேர்த்த மணிகளை அமெரிக்க விமானிகள் ‘பி-51 மணி’ என்று கிண்டலடிப்பார்கள். பறந்தது விமானமில்லை, பேனா! விமானத்தின் பதிவெண், தொழில்நுட்பப் பதிவேடு, விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குறிப்பு ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இந்த மணிகள் அகப்பட்டுக்கொள்ளும். இந்தியாவிலும் பயிற்சிப் பள்ளிகளில் மணிக்கணக்கைக் கூட்டி எழுதிய விவகாரங்களில் நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறது.

1,500 வந்த கதை

அமெரிக்காவில் பயணிகள் விமானத்தின் கோ-பைலட் ஆவதற்கே பொதுவாக 1,500 மணி வேண்டும். ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கு 750 மணியும், அங்கீகரிக்கப்பட்ட விமானவியல் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 மணியும் போதும். இந்த விதியின் வேர், 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்தில் இருக்கிறது. 50 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது, 2013-ல் விதி அமலானது. வினோதம் என்னவென்றால், விபத்துக்குள்ளான விமானத்தின் இரு விமானிகளுமே 1,500 மணிக்கு மேல் பறந்தவர்கள். மணிக்கணக்கு மட்டும் திறமைக்குச் சாட்சியாகாது என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

எழுதாமல் விட்ட தோல்விகள்

அதே விபத்தின் விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. விமானத்தின் கேப்டன், முன்பு செய்முறைத் தேர்வுகளில் அடைந்த தோல்விகள் எல்லாவற்றையும் வேலை விண்ணப்பத்தில் சொல்லியிருக்கவில்லை. நிறுவனத்துக்கும் அவை தெரியவில்லை. இதன் விளைவாக அமெரிக்க அரசு விமானிகளின் பதிவுகளுக்கென மின்தரவுத் தளம் ஒன்றை உருவாக்கியது. அதற்கான இறுதி விதி 2021-ல் வந்தது. தேர்வுத் தோல்வி, விபத்து, பழைய நிறுவனத்தின் பயிற்சிக் குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கும். வேலைக்கு எடுப்பதற்கு முன் நிறுவனம் அதைப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு தேர்வில் தோற்றதற்காக ஒதுக்கப்பட்டவர்களைவிட, அதை மறைத்ததற்காக ஒதுக்கப்பட்டவர்களே அதிகம் என்பது ஆட்சேர்ப்பு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு.

பதவி உயர்வே வேண்டாம் என்றவர்

தென்னாப்பிரிக்காவில் ஒரு விமானி, 1994 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோ-பைலட்டாகவே பறந்துகொண்டிருந்தார். கேப்டன் பதவி தேடி வந்தும் ஏற்கவில்லை. 2018-ல் ஆல்ப்ஸ் மலைக்கு மேலே நடந்த ஒரு சம்பவத்தை விசாரித்தபோதுதான் காரணம் புரிந்தது. நிறுவனத்தில் அவர் கொடுத்திருந்த, கேப்டனாவதற்கான உயர்நிலை உரிமம் போலி. கேப்டனானால் ஆவணங்களை மறுபடி தோண்டுவார்களே! 2010-ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் காக்பிட்டிலேயே கைதான ஸ்வீடன்காரர் 13 ஆண்டுகள் முறையான உரிமமின்றிப் பயணிகளை ஏற்றிப் பறந்திருந்தார். டச்சு நீதிமன்றம் அவருக்கு விதித்த அபராதம் 2,000 யூரோ.

ஒரு தரையிறக்கம், பல லைசென்ஸ்கள்

2011 ஜனவரியில் கோவாவில் ஒரு விமானம் முன்சக்கரம் முதலில் படும்படி இறக்கப்பட்டது. விசாரித்ததில், அதை ஓட்டிய விமானி உயர்நிலை உரிமத்துக்காகக் கொடுத்த மதிப்பெண் பட்டியல் போலி என்று தெரிந்தது. உடனே நாடு முழுக்க விமானிகளின் ஆவணங்களை டிஜிசிஏ சலித்தது, மேலும் சிலர் சிக்கினார்கள். பாகிஸ்தானில் 2020 ஜூனில், 860 விமானிகளில் 262 பேரின் உரிமங்கள் சந்தேகத்துக்குரியவை என்று விமானத்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அவர்களில் பலர் பிறகு விடுவிக்கப்பட்டாலும், அந்நாட்டின் அரசு விமான நிறுவனம் ஐரோப்பாவுக்குப் பறக்க விதிக்கப்பட்ட தடை 2024 நவம்பர்வரை நீடித்தது. ‘மூலச் சான்றிதழ் கொண்டுவரவும்’ என்ற வரி அழைப்புக் கடிதத்தில் தடித்த எழுத்தில் இருப்பதற்கு இவையெல்லாம் காரணம்.

மெடிக்கலுக்கு வயதுக் கணக்கு

சர்வதேச விதிப்படி, வணிக விமானிக்கான முதல்வகுப்பு மருத்துவச் சான்று பொதுவாக 12 மாதங்கள் செல்லும். 60 வயது தாண்டினால் 6 மாதங்கள்தான். பயணிகள் விமானத்தில் பறக்கும் வயது வரம்பு 2006-ல் 60-லிருந்து 65 ஆனது. பயோடேட்டாவில் ‘மெடிக்கல் இருக்கிறது’ என்று எழுதினால் பாதித் தகவல்தான். வகுப்பு, முடியும் தேதி, கண்ணாடி அணிய வேண்டும் என்பது போன்ற நிபந்தனை இவை மூன்றும் வேண்டும். கண்ணாடி குறையாகாது, எத்தனையோ கமாண்டர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பறக்கிறார்கள். நேர்முகத் தேர்வு நடக்கும் மாதத்தில் மெடிக்கல் காலாவதியாகிவிடும் நிலைதான் உண்மையில் விண்ணப்பத்தைக் கெடுக்கும்.

ஆங்கிலத்துக்கும் மார்க் உண்டு

‘ஆங்கிலம் சரளமாகப் பேசுவேன்’ என்று எழுதுவதில் பயனில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு ஆங்கிலத் திறனை 1 முதல் 6 வரை நிலைகளாகப் பிரித்திருக்கிறது. சர்வதேச வழித்தடங்களில் பறக்கக் குறைந்தது 4-ஆம் நிலை வேண்டும் என்ற விதி 2008 மார்ச் 5 முதல் நடப்பில் உள்ளது. 4-ஆம் நிலைக்காரர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 5-ஆம் நிலைக்காரர் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மறுதேர்வு எழுத வேண்டும். 6 பெற்றவருக்கு மறுதேர்வு கிடையாது. உச்சரிப்பில் தாய்மொழிச் சாயல் இருந்தாலும் பரவாயில்லை, எதிரில் இருப்பவருக்குப் புரிய வேண்டும். அவ்வளவே தேர்வின் எதிர்பார்ப்பு.

ஒரே ரேட்டிங், நான்கு விமானங்கள்

ஏர்பஸ் ஏ320 டைப் ரேட்டிங், அதாவது அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி எடுத்தவர் ஏ318, ஏ319, ஏ321 விமானங்களையும் ஓட்டலாம். காக்பிட் அமைப்பு ஒன்றுதான், வித்தியாசங்களை மட்டும் தனியாகப் படித்தால் போதும். அமெரிக்காவில் போயிங் 757-க்கும் 767-க்கும் பொது ரேட்டிங் உண்டு, ஒன்று ஒல்லி உடல், மற்றது அகல உடல் என்றாலும்! எனவே ஏ320, ஏ321 என்று தனித்தனி ரேட்டிங்காகப் பட்டியலிட்டு எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டினால் அனுபவசாலிகள் சிரிப்பார்கள். ரேட்டிங்கின் பெயர், அதில் பறந்த மணி, கடைசியாகத் திறன் சோதனை முடித்த தேதி ஆகியவற்றை எழுதினால் முடிந்தது.

மணியே இல்லாதவர் என்ன எழுதுவார்?

புதியவர்களைப் பயிற்றுவித்து எடுக்க நிறுவனங்கள் நடத்தும் கேடட் திட்டங்களுக்கு விண்ணப்பிப்பவர் இன்னும் ஒரு மணி நேரம்கூடப் பறந்திருக்க மாட்டார். அங்கேதான் கவர் லெட்டருக்கு உண்மையான வேலை. ‘சிறுவயதிலிருந்தே வானத்தை அண்ணாந்து பார்ப்பேன்’ என்று தொடங்காத கடிதமே அபூர்வம் என்பதால், அப்படித் தொடங்காமல் இருப்பதே ஒரு தகுதி. பிளஸ் டூவில் இயற்பியல், கணித மதிப்பெண், விளையாட்டு அணியில் இருந்தது, என்.சி.சி. விமானப் பிரிவு, பகுதிநேர வேலையில் ஒரு சிக்கலைச் சமாளித்தது என்று காட்டக்கூடிய ஒன்றை எழுதலாம். லட்சக்கணக்கில் ஆகும் பயிற்சிச் செலவுக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வியும் வரும். கடன் என்றால் கடன் என்றே சொல்லலாம்.

‘குழுவாகப் பணியாற்றுவேன்’ என்றால் சாட்சி?

1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். கேப்டன் தவறு செய்யும்போது மற்றவர் எப்படிக் குரல் கொடுப்பது என்ற கேள்வியை உலகம் தீவிரமாக எடுத்துக்கொண்டது. 1979-ல் நாசா நடத்திய பயிலரங்கில் உருப்பெற்று, 1981-ல் அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனத்தில் முறையான பயிற்சியானது சிஆர்எம் என்னும் குழுவினர் ஒருங்கிணைப்பு முறை. விமானியிடம் தேடப்படும் குணங்களின் அடித்தளம் இன்றும் இதுதான். கவர் லெட்டரில் இந்தக் குணம் எனக்கு உண்டு என்று அடித்துச் சொல்வதைவிட, மூத்தவர் ஒருவரின் முடிவைப் பணிவாகக் கேள்வி கேட்ட ஓர் உண்மைச் சம்பவத்தை மூன்று வரியில் எழுதினால் மனதில் நிற்கும்.

இல்லாத நிறுவனத்துக்குக் கடிதம்

2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா, ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது. ஏர் ஏசியா இந்தியா முதலில் ஏஐஎக்ஸ் கனெக்ட் ஆகி, 2024 அக்டோபர் 1 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு சேர்ந்தது. பழைய கடிதத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் இப்படிப்பட்ட இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். போயிங் 737 மேக்ஸ் மட்டுமே வைத்திருக்கும் ஆகாசா ஏருக்கு, ‘உங்கள் ஏர்பஸ் விமானங்களில் பறக்க ஆசை’ என்று எழுதினால் என்ன ஆகும்? அனுப்பும் முன் நிறுவனத்தின் பெயர், விமான வகை, விண்ணப்பிக்கும் பதவி மூன்றையும் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்ப்பது உத்தமம்.

மூன்று பத்தி போதும்

நல்ல கவர் லெட்டர் ஒரு பக்கத்தைத் தாண்டாது. முதல் பத்தியில் எந்தப் பதவி, எந்த விளம்பரம். இரண்டாவதில் விளம்பரம் கேட்ட தகுதிகள் என்னிடம் எப்படி இருக்கின்றன. மூன்றாவதில் ஏன் இந்த நிறுவனம், எந்த ஊரில் தங்கிப் பணியாற்றத் தயார், எப்போது சேரலாம். ‘உலகின் தலைசிறந்த நிறுவனமாகிய தங்கள்’ என்ற துதிக்குப் பதில் உருப்படியான தகவல் ஒன்று இருக்கட்டும். 2023 ஜூனில் இண்டிகோ ஒரே மூச்சில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஏர் இந்தியா ஏர்பஸ்ஸிடம் 250, போயிங்கிடம் 220 என 470 விமானங்களுக்கு ஆர்டர் அறிவித்தது. எந்த வகை விமானம் வரப்போகிறது என்று தெரிந்து எழுதுகிறவரின் ஆர்வம் தானாகத் தெரியும்.

‘எப்போது சேர முடியும்?’

ஐ.டி. வேலையில் மூன்று மாத நோட்டீஸுக்கே அலுத்துக்கொள்கிறோம். இந்தியாவில் டிஜிசிஏ 2017-ல் கொண்டுவந்த விதிப்படி கமாண்டருக்கு ஓராண்டு, ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம். விமானிகள் திடீரென்று கிளம்பிவிட்டால் விமானங்கள் ரத்தாகிப் பயணிகள் தவிப்பார்கள் என்பது அரசுத் தரப்பு வாதம். விமானிகள் சங்கங்கள் இதை நீதிமன்றத்தில் எதிர்த்திருக்கின்றன. பழைய நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் தேவைப்படும். எனவே இந்திய விமானிகளின் பயோடேட்டாவில் ‘நோட்டீஸ் காலம்’ என்ற வரி சம்பிரதாயத்துக்காக எழுதப்படுவதில்லை.

நிறுவனம் மூடினால் விமானி என்ன செய்வார்?

கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். இடையே கொரோனா. இந்திய விமானிகளில் பலருடைய பயோடேட்டாவில் வெற்று மாதங்கள் இருப்பதற்கு இவையே காரணம், வெட்கப்பட ஏதுமில்லை. தேதிகளை நீட்டி மறைப்பதுதான் ஆபத்து. ‘நிறுவனம் செயல்பாட்டை நிறுத்தியது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, அந்தக் காலத்தில் சிமுலேட்டரில் பயிற்சி எடுத்தது, வகுப்பு நடத்தியது போன்றவற்றைச் சேர்க்கலாம். 90 நாட்களில் மூன்று முறை மேலேற்றி மூன்று முறை இறக்கியிருந்தால்தான் பயணிகளோடு பறக்கலாம் என்பது விதி. அதனால் கடைசியாகப் பறந்த தேதியைக் கேட்பார்கள்.

மவுத்வாஷும் ஆகாது

ஒழுங்கு நடவடிக்கை ஏதேனும் உண்டா என்ற கேள்வி விண்ணப்பப் படிவத்தில் நிச்சயம் இருக்கும். இந்தியாவில் பறப்பதற்கு முன் மூச்சுச் சோதனையில் முதல்முறை சிக்கினால் லைசென்ஸ் 3 மாதம் முடக்கம், இரண்டாம் முறை 3 ஆண்டு, மூன்றாம் முறை ரத்து. மதுச்சாரம் கலந்த மவுத்வாஷைக்கூட விமானக் குழுவினர் பயன்படுத்தக் கூடாது என்று 2023-ல் விதியைத் திருத்தினார்கள். நடவடிக்கை உண்டென்றால் படிவத்தில் ‘ஆம்’ என்று குறித்து, தேதியும் பிறகு எடுத்த பயிற்சியும் எழுத வேண்டும். பயோடேட்டாவில் இதை விளக்கத் தேவையில்லை.

ஒட்டாத புகைப்படம்

இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் பயோடேட்டாவில் பாஸ்போர்ட் அளவுப் படம் வழக்கம். அமெரிக்காவில் வைப்பதில்லை. பின்னணியில் ஒரு வரலாறு உண்டு. 1957-ல் மார்லன் கிரீன் என்ற முன்னாள் விமானப்படை விமானி கான்டினென்டல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் இனம் கேட்ட கட்டத்தை நிரப்பவில்லை, படமும் ஒட்டவில்லை. தேர்வுக்கு அழைப்பு வந்தது. நேரில் போனபோதுதான் அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்தது. அவரைவிடக் குறைந்த மணி பறந்த வெள்ளையர்கள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. 1965-ல் அதே நிறுவனத்தில் சேர்ந்து 1978-ல் ஓய்வு பெற்றார். பின்னாளில் அந்நிறுவனம் தன் போயிங் 737 ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டியது.

விடாமல் புதுப்பித்தவர்கள்

1947-ல் வணிக உரிமம் பெற்ற பிரேம் மாத்தூரை, பெண் என்பதற்காக எட்டு நிறுவனங்கள் மறுத்ததாகச் சொல்வார்கள். ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் அவரைக் கோ-பைலட்டாக எடுத்தது. இந்தியாவின் முதல் பெண் வணிக விமானி அவர்தான். 1949-ல் தேசிய விமானப் பந்தயத்திலும் வென்றார். அமெரிக்காவில் எமிலி வார்னர், தன்னிடம் பறக்கக் கற்ற ஆண்கள் ஒவ்வொருவராக விமான நிறுவனங்களில் சேர்வதைப் பார்த்துக்கொண்டே 1967 முதல் விண்ணப்பித்தார். 1973 ஜனவரியில் ஃபிரான்டியர் நிறுவனம் அவரை எடுத்தபோது அவர் பறந்த மணி 7,000-க்கு மேல். இன்று இந்திய விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள். உலக சராசரியைவிட இது வெகு அதிகம். விண்ணப்பம் ஒருமுறை அனுப்பி மறக்கும் காகிதமில்லை, மணி கூடக்கூடப் புதுப்பித்து மறுபடி அனுப்ப வேண்டும்.

கடைசித் தேதி

1962-ல் நாசா தன் இரண்டாவது விண்வெளி வீரர் குழுவுக்கு ஆள் எடுத்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் 1. எட்வர்ட்ஸ் தளத்தில் எக்ஸ்-15 ராக்கெட் விமானம் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு சோதனை விமானியின் விண்ணப்பம் ஏறக்குறைய ஒரு வாரம் தாமதமாக வந்தது. அவரோடு முன்பு பணியாற்றிய டிக் டே என்பவர் அதை மற்ற விண்ணப்பங்களின் அடுக்குக்குள் சத்தமில்லாமல் செருகிவிட்டார். அந்த விமானி நீல் ஆர்ம்ஸ்ட்ராங். இன்றைய இணையப் படிவங்கள் கடைசி நாள் நள்ளிரவில் தானாக மூடிக்கொள்ளும், அங்கே டிக் டே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. முந்தைய வாரமே அனுப்பிவிடுங்கள்.